இடம் மாறிய தமனிகள்: மேலறை மாற்றமா, தமனி மாற்றமா?

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமைந்து பிறக்கும் குழந்தைகளுக்காக, இதயத்தின் மேலறைகளுக்குள்ளேயே ரத்தத்தைத் திசைதிருப்பும் மேலறை மாற்ற முறையை, அறுவை மருத்துவர்களான சென்னிங் ஸ்வீடனில் 1950களின் இறுதியிலும், மஸ்டர்ட் கனடாவில் 1963இலும் செய்துகாட்டினர். அதுவரை இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டைக்கூடத் தாண்டாமல் இறந்தார்கள்; இதன் பிறகு பலர் வளர்ந்து பெரியவர்களானார்கள். அதை மறந்துவிட்டு இம்முறையைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால், நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்பவென அமைந்த வலது கீழறை, இதில் உடல் முழுவதற்குமான அழுத்தத்தை வாழ்நாளெல்லாம் சுமந்து, நடுவயதில் பலருக்குத் தளர்ந்துபோகிறது. மேலறைச் சுவரின் தையல் தழும்புகளைச் சுற்றி மின்தூண்டல் வட்டமடிக்கத் தொடங்கினால், சும்மா உட்கார்ந்திருப்பவரின் நாடிகூட 150ஐத் தொடலாம். தளர்ந்த கீழறையால் அந்த வேகத்தைத் தாங்க முடிவதில்லை.

1975இல் பிரேசிலின் ஜட்டேனே வெற்றிகரமாகச் செய்த தமனி மாற்றமோ, இரு தமனிகளையும் அவற்றுக்குரிய இடத்துக்கே மாற்றி, இடது கீழறைக்கே அதன் வேலையைத் திருப்பித் தருகிறது. இதயத் தசைக்கே ரத்தம் தரும், ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உள்ள கரோனரி தமனிகளை, சுற்றியுள்ள சுவரோடு பொத்தானைப் போல் நறுக்கி எடுத்து, புதிய இடத்தில் தைப்பதே இதன் கடினமான பகுதி. பொதுவாகப் பிறந்த சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். இதயத் துடிப்பின் தாளக் கோளாறும் இதயச் செயலிழப்பும் இதில் வெகுவாகக் குறைவு. நுரையீரல் தமனிக் குறுகலையும் பெருந்தமனி வேரின் விரிவையும் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

இன்று பிறக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டாவதே சரியான தேர்வு. என் கவலையெல்லாம் முதல் முறையோடு வாழ்பவர்களைப் பற்றியதே: அவர்களுடைய படபடப்பையோ மயக்கத்தையோ வெறும் பதற்றம் என்று ஒதுக்காமல், அன்றே இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.