கவுண்டரில் கேட்டால் கிடைப்பவை: பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்பது ஆண்டுகள்

2016 ஜூலையில் எம்.ஃபில். சேர்ந்த வாரமே நூலக அட்டை வாங்கிவிட்டேன். அப்புறம் அதே பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி., நடுவில் கொரோனா இழுபறி, 2024-இல் ஆய்வேடு ஒப்படைப்பு, 2025-இல் வைவா (வாய்மொழித் தேர்வு). இந்த ஒன்பது ஆண்டுகளில் வீட்டை விட்டால் நான் அதிக நேரம் இருந்த இடம் அந்த நூலகம்தான். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மைய நூலகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். குறைகளையும் எழுதப் போவதால் பெயர் வேண்டாம். அந்தக் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல. புதிதாக ஆய்வுக்குச் சேருகிறவர்கள் நான் இழந்ததுபோல் முதல் இரண்டு ஆண்டுகளை இழக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த இரண்டு ஆண்டும் நூலகம் எனக்கு உட்கார்ந்து படிக்கும் இடமாக மட்டுமே இருந்தது. வாசலில் கையெழுத்து, பையை வெளியே வைத்து டோக்கன், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. புத்தகம் வேண்டுமானால் ஓபேக் கம்ப்யூட்டரில், அதாவது நூலகத்தின் கணினி நூற்பட்டியலில், பெயரைத் தட்டுவேன். வராவிட்டால் இல்லை என்று முடிவுகட்டி விடுவேன். என் ஆய்வு மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனமும், ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தும் பற்றியது. வேளாண்மை வரிசையில் பாசனத்துக்கு ஒதுக்கிய இரண்டு தட்டுகளைப் புரட்டிவிட்டு, இந்த நூலகத்தில் நமக்கு ஒன்றும் இல்லை என்று நெறியாளரிடமே சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் கொடுக்கும் கவுண்டருக்கு இடப்பக்கம் ஒரு மேசை உண்டு. ‘ரெஃபரன்ஸ்’ என்று பலகை. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். 2018-இல் ஒரு மழை நாளில் கரண்ட் போய் ஓபேக் எல்லாம் அணைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அங்கே போய், “மேடம், கண்மாய் பத்தின புத்தகமெல்லாம் எங்க இருக்கும்?” என்று கேட்டேன்.

“கண்மாயில உங்களுக்கு என்ன வேணும்? கட்டுமானமா, விவசாயமா, தண்ணி யாருக்குப் பாத்தியம்கிறதா?”

மூன்றும்தான் என்றேன். பழைய கேட்டலாக் கார்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று எண்களை எழுதிக் கொடுத்தார்: 627.52, 631.587, 333.913.

பொருள்வாரியாக நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறையில் பாசனம் ஒரே இடத்தில் இருக்காது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மடையும் கலிங்கும் கட்டுவது பொறியியலோடு போய்விடும். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது வேளாண்மையோடு. தண்ணீர் யாருடையது, பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் பொருளாதாரத்தோடு. எங்கள் நூலகத்தில் முதல் இரண்டும் தரைத்தளத்தில், மூன்றாவது எண் மட்டும் மாடியில். நான் மாடிக்குப் போனதே இல்லை. எனக்கு உண்மையில் தேவைப்பட்டவை பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. அன்று மாலை நான்கு புத்தகங்களோடு வீட்டுக்குப் போனேன். அந்தக் கார்டு இன்னமும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

தேடுவதையும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். பழைய தமிழ் நூல்களின் பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கும். பதிந்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார். வைகைக்கு ‘ஜி’ போட்டால் வராத புத்தகம் ‘கே’ போட்டால் வரும். அதற்கும் மேலே ஊர் வழக்கு இருக்கிறது. மதுரைப் பக்கம் கண்மாய், வடக்கே போனால் ஏரி, நெல்லைச் சீமையில் குளம். ஒரே பொருளுக்கு மூன்று சொல்லையும், மூன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும். இன்று என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

எங்கள் நூலக முன்கூடத்தில் எஸ்.ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறது. சீர்காழிக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். நூலகத்துக்கென்று அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வந்தன. நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. படத்துக்குக் கீழே ஐந்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ முறை படித்த அந்த வரி, மூன்று எண்கள் கையில் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி ஆண்டுதோறும் விழா நடக்கும். பேச்சு, பரிசு, தேநீர். அதைவிட எனக்குப் பிடித்தது அன்றைக்கு வைக்கிற அரிய நூல் கண்காட்சி. மற்ற நாளில் பூட்டியிருக்கும் அலமாரிகள் அன்று ஒருநாள் திறந்திருக்கும். நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை மாவட்டக் கையேடு எங்கள் நூலகத்திலேயே இருப்பது அந்தக் கண்காட்சியில்தான் எனக்குத் தெரிந்தது.

அதைப் படிக்கத் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். வெளியே எடுத்துப் போக முடியாது, ஜெராக்ஸ் கிடையாது. ஸ்டாக் அறை அண்ணன் அதைக் காடாத் துணி நாடாவால் கட்டி எடுத்து வந்தார். தாள் தேயிலை நிறத்துக்கு மாறியிருந்தது. ஓரத்தில் விரல் பட்டால் பொடி உதிரும். “முழுசா மல்லாத்தாதீங்க, முதுகு விட்டுரும்” என்று சொல்லி, இரண்டு பக்கமும் கனமான அகராதி ஒவ்வொன்றை அடைகொடுத்து, பாதி திறந்த கதவைப்போல் நிறுத்தி வைத்தார். பக்கத்தை மேல் மூலையில் பிடித்துத்தான் திருப்ப வேண்டும் என்று காட்டினார். அந்தப் புத்தகத்தின் மின்படி இணையத்தில் கிடைக்கிறது. பிறகு அதையும் பயன்படுத்தினேன். ஆனாலும் அந்த நான்கு நாளில் கையால் குறிப்பெடுத்த பகுதிகள்தான் எனக்கு மனப்பாடமாக நின்றன.

நம்மிடம் இல்லாத புத்தகத்தை வெளியிலிருந்து வரவழைப்பது இன்னொரு சேவை. டெல்லியில் ஜே.என்.யூ. வளாகத்தில் இருக்கும் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு வழியாக உறுப்பு நூலகங்களிலிருந்து கடனாகத் தருவிப்பார்கள். நான் ஆறு முறை கேட்டதில் நான்கு வந்தன. ஒன்று மூன்று வாரம் எடுத்தது, மற்றவை அதற்குள் வந்துவிட்டன. கட்டுரை என்றால் ஸ்கேன் செய்த பிரதியே மின்னஞ்சலில் வரும். என்னோடு சேர்ந்த ஆய்வாளர்களில் இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. இதற்கென ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அறிமுகக் கடிதமும் அப்படித்தான். நூலகர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தோடு தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழும்பூரில் ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் அந்த நூலகமாக ஆயின. நான் தேடிய பழைய வேளாண் இதழ்களில் சில அங்கே கிடைத்தன.

அவை எங்கள் நூலகத்திலும் இருந்தவை என்பதுதான் என் பெரிய வருத்தம். 2019-இல் கீழ்த்தளத்தைக் காலி செய்யும்போது, கரையான் பிடித்தது என்று சொல்லி ஐம்பது அறுபதுகளின் தமிழ் இதழ்களைக் கட்டுக் கட்டாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். கரையான் பிடித்தவை இருந்தது உண்மை. நல்லவையும் இருந்தன. ஒரு கட்டை நானே மூன்று மாதத்துக்கு முன்னால் பிரித்துப் பார்த்திருக்கிறேன், தாள் திடமாக இருந்தது. தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவெடுத்திருக்கலாம். லாரி போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இருப்பவராக இருந்தாலும் சரி, உங்கள் நூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் கழிக்கும் கழிவுநீக்கம் நடக்கப் போகிறது என்று காதில் விழுந்தால் உடனே போய்ப் பட்டியலைக் கேளுங்கள்.

இணைய வசதிகளுக்கு வருகிறேன். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவை எல்லோரும் பயன்படுத்துவார்கள். ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்ற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை 2009-இல் வந்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற யுஜிசி மையம் சோத்கங்காவைப் பராமரிக்கிறது. நாடு முழுதுமுள்ள ஆய்வேடுகளை இயல் இயலாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழில் எழுதிய ஆய்வேடுகள் பல, ஸ்கேன் படங்களாகவோ யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலோ இருக்கின்றன. உள்ளே சொல்லைப் போட்டுத் தேட முடியாது. பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் தயவுசெய்து யூனிகோடில் கொடுங்கள், அடுத்து வருகிறவருக்குப் பெரிய உதவி.

ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு நிறுவனங்களுக்கு மட்டும். என் ஆய்வு முடிந்த பிறகுதான் வந்தது, இருந்தாலும் இப்போது கட்டுரை எழுதும்போது வித்தியாசம் தெரிகிறது. முன்பு சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு விட வேண்டியிருந்த நீர்மேலாண்மைக் கட்டுரைகள் முழுதாகத் திறக்கின்றன. தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு இது கிடைப்பதில்லை. அவருக்கும் கிடைக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே நூலகத்தின் மின்னிதழ்களுக்குள் நுழைவதற்கான இணையக் கணக்கு ஒன்று உண்டு. அதுதான் அதிகம் படுத்தியது. ஆய்வேட்டின் கடைசி இயல் எழுதும்போது அந்தக் கணக்கு ஏழு வாரம் வேலை செய்யவில்லை. அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்று, இடம் நிரப்பப்படாமல் கிடந்ததுதான் காரணம். ஒரு கட்டுரைக்காக ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து போயிருக்கிறேன். இருக்கிற ஆட்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பணியிடங்களை நிரப்பினால் தீரக்கூடிய குறைதான் இது.

கருத்துத்திருட்டுச் சோதனைக்கு நான் கொடுத்த முதல் பிரதியில் 23 விழுக்காடு ஒற்றுமை என்று அறிக்கை வந்தது. 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி 10 வரைக்கும்தான் சிக்கலில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ரெஃபரன்ஸ் மேடம் அறிக்கையைப் பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தார். குடிமராமத்து தொடர்பான 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். துணைநூற்பட்டியலும் சேர்ந்து எண்ணப்பட்டிருந்தது. சட்ட வாசகம், உரிய குறிப்போடு தந்த மேற்கோள், துணைநூற்பட்டியல் இவற்றையெல்லாம் விலக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. விலக்கிப் பார்த்தபோது 6. ஒரு கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்த வேலை, அரை மணி நேரத்தில் முடிந்தது.

பயிற்சி முகாம்களில் பாதிக்கு மேல் சான்றிதழுக்காக நடப்பவை. வாசகர் அறிமுக வகுப்பையே முதல் வாரத்தில் வைக்காமல், ஆய்வுத் தலைப்பு முடிவான பிறகு வைத்தால் பயன்படும். ஆனால் துணைநூற்பட்டியல் தயாரிக்க உதவும் சோட்டேரோ மென்பொருள் பற்றி நடந்த ஒரு நாள் பயிற்சியை மறக்க மாட்டேன். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நான் உ.வே.சா.வை ஒரு மாதிரியும் மயிலை சீனி. வேங்கடசாமியை வேறு மாதிரியும் போட்டு, துணைநூற்பட்டியல் தாறுமாறாகக் கிடந்தது. பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சிறிய பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும், முழுப் பெயரையும் அப்படியே எழுதலாம் என்று காட்டினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளை அந்த வாரமே திருத்தினேன்.

படிப்புக் கூடத்தில் பாதி இடம் டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களால் நிறைந்துவிடுகிறது, ஆய்வாளர்களுக்கு இடமில்லை என்று ஒரு புகார் அடிக்கடி எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் ஒரு மேசைகூட இல்லாத பிள்ளைகள் அவர்களில் நிறைய. காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வருவார்கள். நாற்காலியைக் கூட்ட வேண்டுமே தவிர ஆளைக் குறைக்கக் கூடாது.

வைவா முடிந்து, திருத்திய ஆய்வேட்டின் பைண்டு செய்த பிரதியை நூலகத்தில் கொடுத்து, பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்று வாங்கப் போனேன். ரெஃபரன்ஸ் மேடம்தான் வாங்கிக்கொண்டார். தலைப்பைப் படித்துவிட்டு, பென்சிலை எடுத்து, “மூணுல எதுல வைக்கட்டும்?” என்று கேட்டார். 333.913 என்றேன். முதல் பக்கத்தின் பின்னால் அதை எழுதினார். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, தேடுசொல் கட்டத்தில் கண்மாய், ஏரி, குளம் என்று தமிழில் தட்டினார். அடுத்து ஆங்கில எழுத்தில் வைகையைத் தட்டினார், ‘ஜி’ போட்டு ஒரு தடவை, ‘கே’ போட்டு ஒரு தடவை.