64 ரன்னை எங்கே வைப்பது: கட்டமா, லத்தீனா, சோபோலா?

பொள்ளாச்சிப் பக்கம் சதுரமாக நட்ட தென்னந்தோப்பின் வரப்பில் நின்று, ஒரு வரிசையை நேராகப் பாருங்கள். முதல் மரம் பின்னால் இருக்கும் அத்தனையையும் மறைத்துவிடும். சிமுலேஷனுக்கு உள்ளீட்டுப் புள்ளிகளைக் கட்டம் போட்டு வைத்தாலும் இதுதான் நடக்கும்.

கோவையில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இது தினசரிக் கணக்கு. விட்டம், வேன் (இறக்கை) கோணம், வேகம் என்று ஆறு உள்ளீடுகள், ஒரு ரன்னுக்கு, அதாவது ஒருமுறை ஓட்டிப் பார்க்க, நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளீட்டுக்கு 5 அளவு எடுத்தால் 15,625 ரன், ஏழு வருஷத்துக்கு மேல். கையில் 64 ரன்தான் என்றால் உள்ளீட்டுக்கு 2 அளவே கிடைக்கும். இரண்டு அளவை வைத்து எமுலேட்டர் (ஓட்டிய ரன்களிலிருந்து கற்று, ஓட்டாததன் விடையை ஊகிக்கும் மாதிரி) வளைவை எப்படிக் கற்கும்? ஓர் உள்ளீடு விடையைப் பாதிக்கவே இல்லையென்றால் பாதி ரன் வீண், அதே விடைதான் திரும்ப வரும்.

1979-ல் மெக்கே, பெக்மன், கோனோவர் மூவரும் தந்த லத்தீன் ஹைப்பர்கியூபில் ஒவ்வோர் உள்ளீட்டையும் 64 பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு ஒரு புள்ளி வைக்கிறோம்; எந்தப் பட்டை எதோடு சேரும் என்பது குலுக்கல். எந்தப் பக்கம் நின்றாலும் 64 மரமும் தெரியும். ஆனால் முதல் குலுக்கலில் வந்ததை அப்படியே எடுத்துவிடாதீர்கள். எல்லாப் புள்ளியும் மூலைவிட்டத்தில் வரிசைகட்டி நின்றாலும் பட்டை விதி நிறைவேறிவிடும், தோப்போ வெறுமையாகக் கிடக்கும். பலமுறை குலுக்கி, மிக நெருங்கிய இரு புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி எதில் அதிகமோ அதை எடுங்கள். 1995-ல் மோரிஸும் மிட்செலும் இந்தத் தேடலைச் செம்மைப்படுத்தினார்கள். இடைவெளியை மட்டும் பார்த்துப் பட்டையை விட்டுவிட்டால் புள்ளிகள் ஓரத்துக்கு ஓடிவிடும்.

சோபோல் வரிசை என்பது இடத்தைச் சீராக நிரப்பும்படி ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளிகளைத் தரும் கணக்கு முறை. அதன் பலம் வேறு. 64 போதாவிட்டால் அடுத்த 64-ஐச் சேர்க்கலாம், 128-ம் சீராகவே இருக்கும். லத்தீனில் அது பொதுவாக நடக்காது. ஆனால் 64, 128 என்று இரண்டின் அடுக்கில்தான் நிறுத்த வேண்டும். முதல் புள்ளி முழுக்கப் பூஜ்யம் என்று அதைத் தூக்கிப்போடுவது தப்பு, சமநிலை கெட்டுவிடும். புள்ளிகளின் முன்பின் வரிசையை மாற்றாமல், அவற்றின் இலக்கங்களைக் கலக்கிவிட்டு (ஸ்க்ராம்பிளிங்) எடுத்தால் போதும்.

ரன் எண்ணிக்கை உறுதியென்றால் நான் இடைவெளி பார்த்த லத்தீனைத்தான் எடுப்பேன். மென்பொருள் லைசென்ஸ் எத்தனை நாள் கையில் இருக்கும் என்று தெரியாதபோது சோபோல். தேவை அதிகபட்சத் திறன் தரும் ஒரே ஒரு வடிவம்தான் என்றால் 64-ஐயும் முதலிலேயே செலவழிக்க வேண்டாம். லத்தீனில் 40 ஓட்டுங்கள். அப்புறம் 1998-ல் ஜோன்ஸ், ஷோன்லாவ், வெல்ச் காட்டிய வழியில், மீதி 24-க்கும் எங்கே முன்னேற்றம் எதிர்பார்க்கலாம் என்று ஒவ்வொரு ரன்னுக்கும் எமுலேட்டரையே கேளுங்கள்.