கச்சத்தீவ மீட்குறதா, பேசி தீக்குறதா?

நாகை, அக்கரைப்பேட்டை, கோடியக்கரை பக்கம் நம்ம மீனவங்களை இலங்கை கடற்படை புடிக்கிற விஷயத்துல டெல்லி என்ன பண்ணணும்னு கேட்டா ரெண்டு வழி சொல்வாங்க. கச்சத்தீவ திருப்பி வாங்கு, இல்லன்னா ரெண்டு பக்க மீனவங்களையும் உக்கார வச்சுப் பேசு.

மொதல் வழியில இருக்குற கோவம் நியாயமானது. 285 ஏக்கர் தீவு, 1974ல ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்தாச்சு, நம்ம மீனவங்களும் அந்தோணியார் கோயிலுக்குப் போறவங்களும் பழையபடி போய் வரலாம்னு அதுல இருந்துச்சு, ஆனா 1976ல அடுத்தவங்க கடல்ல மீன் புடிக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு. சரி, தீவு நாளைக்கே கைக்கு வந்துடுச்சுன்னு வைங்க, நெடுந்தீவு, காங்கேசன்துறை பக்கம் போட்டைப் புடிக்கிறது நிக்குமா? நிக்காது, அது அப்பவும் இலங்கை கடல்தான்.

அதனால நான் ரெண்டாவது வழி பக்கம்தான். 2016லயே ரெண்டு நாடும் சேந்து கூட்டுப் பணிக்குழு அமைச்சாங்க, ஆனா பேச்சு இழுவைமடியிலயே, அதாவது கடலடியையே வாரி இழுக்குற வலையிலயே வந்து நிக்குது, இலங்கை அதை 2017ல சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. யாழ்ப்பாணத்துல இருக்குறதும் நம்ம ஆளுங்கதான், போர்க்காலத்துல கடலுக்கே போக முடியாம கெடந்தவங்க, சின்ன போட்டுல வலை விட்டுட்டு வந்தா ராத்திரியில நம்ம பக்க விசைப்படகு இழுத்து அறுத்துட்டுப் போயிடுது, ஒரு வலை போனா அந்தக் குடும்பம் கடன்லதான் நிக்கும்.

அதுக்காக கோடியக்கரை ஃபைபர் போட்டுக்காரங்களை அடிச்சு வலையைப் பறிக்கிறத ஏத்துக்க முடியாது, அவங்க இழுவைமடி போடுறவங்களே இல்ல. பேச்சுல இந்த ரெண்டு தொழிலையும் தனித்தனியா வைக்கணும், இழுவைமடிய விட்டுட்டு ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறுறவங்களுக்கு போட்டு கடன், டீசல் செலவெல்லாம் மொதல்ல கையில குடுக்கணும்.