ஓட்டல் அறை மாடல் ஷூட்டுக்கு கோடாக்ஸ் ஏடி200 புரோ: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

ஓட்டல் அறையில் மாடல் ஷூட் எடுக்க ஃபிளாஷ் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பவர் போதுமா?" என்றுதான். அறைக்குள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: பவரை எவ்வளவு குறைக்க முடியும்? கோடாக்ஸ் கம்பெனியின் பேட்டரி ஃபிளாஷான ஏடி200 புரோவை அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இதற்கு அடுத்த புரோ 2 வந்துவிட்டது. ஆனாலும் பழைய புரோவை வைத்திருப்பவர்களும், வாடகைக்கோ செகண்ட்ஹேண்டிலோ எடுக்க நினைப்பவர்களும் நிறைய. அவர்களுக்காகவே இந்த விமர்சனம்.

எடுத்துக்கொண்ட இடம் சாதாரண டபுள் ரூம். 12க்கு 16 அடி, ஃபால்ஸ் சீலிங் போட்டு 8½ அடி உயரம், கிரீம் நிறச் சுவர், ஒரு பக்கம் ஜன்னல், கட்டிலுக்கு எதிரே டிவி, வாசல் அருகே ஆளுயரக் கண்ணாடி. வேலை, பட்டுச்சேலை, குர்தி, நகை கேட்லாக்.

முதலில் கருவி. பவர் 200 வாட்-செகண்ட், அதாவது ஒரு தடவை அடிக்கச் செலவாகும் மின்சக்தி. பாடி 168 மி.மீ. நீளம், 75 அகலம், 50 தடிமன். அலமாரி மேலே படுக்க வைக்கலாம், மினிபார் பக்கத்தில் ஒளித்து வைக்கலாம். பெட்டியிலேயே இரண்டு தலைகள் வருகின்றன: ஸ்பீட்லைட் மாதிரி ஒளியைக் குவிக்கிற சதுர ஃப்ரெனெல் தலை ஒன்று, வெறும் பல்பு தலை ஒன்று. பேட்டரி 14.4 வோல்ட், 2900 எம்ஏஎச். முழு பவரில் சுமார் 500 தடவை அடிக்கும் என்கிறது கம்பெனி. அறை ஷூட்டில் முழு பவரைத் தொடவே மாட்டோம் என்பதால் ஒரு பேட்டரியில் ஒரு நாள் வேலை தாராளமாக முடியும். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த பேட்டரி சுமார் 42 வாட்-ஹவர். 100-க்குக் கீழே இருப்பதால் கைப்பையில் கொண்டுபோகலாம். உதிரி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஹெச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கும் வசதி), 1/8000 செகண்ட் ஷட்டர் எல்லாம் உண்டு. அறைக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை.

இப்போது பவர் கணக்கு. வெறும் பல்பு தலையை எஸ்2 பிராக்கெட்டில் (ஃபிளாஷை ஸ்டாண்டில் பிடித்து நிறுத்தும் கருவி) மாட்டி, இரட்டைத் துணி போட்ட 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸுக்குள் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வைத்து, மாடல் முகத்துக்கு நாலு அடி தூரத்தில் நிறுத்தினால், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 200, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/4-க்கு முழு பவரில் 1/32 பங்கே போதும். அறையின் விளக்குகளும் படத்தில் தெரிய வேண்டும் என்று ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றினால் 1/128-க்கு இறங்க வேண்டும். எஃப்/2.8-க்குத் திறந்தால் 1/256. பழைய ஏடி200 இறங்குவது 1/128 வரைதான், புரோ 1/256 வரை இறங்கும். விளம்பரத்தில் யாரும் கண்டுகொள்ளாத இந்த ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் ஒரு படி), ஓட்டல் அறையில் புரோவை வாங்குவதற்கான முதல் காரணம்.

ஐஎஸ்ஓவை ஏன் ஏற்ற வேண்டும்? ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்று ஸ்டுடியோ பழக்கத்தில் எடுத்தால் படுக்கை விளக்கும் சீலிங் விளக்கும் செத்துப்போகும். பின்னால் இருட்டுச் சுவர் மட்டும் மிஞ்சும். அதற்கு அறை வாடகை கொடுத்திருக்க வேண்டாம். ஆகவே முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு அறையை மட்டும் எடுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 1/30-இல் தொடங்கி, அறை ஒரு ஸ்டாப் மங்கலாகத் தெரியும்வரை ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். பிறகு ஃபிளாஷை ஏற்றி முகத்தைச் சரி செய்யுங்கள். அதன்பின் ஷட்டரைத் தொட்டால் அறை மாறும், முகம் மாறாது. அப்பர்ச்சரைத் தொட்டால் இரண்டும் மாறும். 1/30-இல் மாடல் அசைந்தால் ஃபிளாஷ் உறைய வைத்த முகத்தைச் சுற்றி மஞ்சள் நிழல் ஒன்று இழுபடும். நடக்கிற போஸ், முந்தானை வீசுகிற போஸுக்கு 1/100-க்குப் போய், அறை கொஞ்சம் இருண்டாலும் பரவாயில்லை என்று விடுவதே நல்லது.

நிறத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். அறை விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு), ஃபிளாஷ் 5600. அப்படியே அடித்தால் முகம் வெள்ளை, பின்னணி ஆரஞ்சு; எடிட்டிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். முழு சிடிஓ ஜெல் (ஃபிளாஷ் ஒளியை ஆரஞ்சாக்கும் வண்ணத்தாள்) ஒட்டி, கேமராவின் வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) 3200-இல் வைத்தால் ஃபிளாஷும் விளக்கும் ஒன்றுசேரும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் அந்தப் பக்கம் நீலமாகிவிடும். இரவு ஷூட்டுக்கு, அல்லது கனத்த திரையை முழுதும் மூடிய பகல் ஷூட்டுக்கு இது சரி. ஜன்னலும் விளக்கும் ஒரே ஃபிரேமில் வந்தால் அரை சிடிஓ போட்டு 4000-இல் வையுங்கள். விளக்கு லேசாகப் பொன்னிறம், ஜன்னல் லேசாக நீலம், நடுவில் தோல் தோலாகவே இருக்கும். இதுவே என் முதல் சிபாரிசு. முழு சிடிஓ முக்கால் ஸ்டாப்புக்கு மேல் ஒளியைத் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பவர் இன்னும் குறைய மாட்டேன் என்கிற நேரத்தில் அந்த இழப்பே உதவியாகிவிடும்.

ஜெல் மாட்டும் இடத்தில் கருவி கைவிடுகிறது. சதுரத் தலையில் ஜெல் செருகப் பள்ளம் இல்லை, தனியாக எதுவும் வாங்காவிட்டால் டேப் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். வெறும் பல்பைச் சுற்றி ஜெல்லைக் கட்டினால் கண்ணாடிக் குழாயைத் தொடாதபடி இடைவெளி விட வேண்டும். தொட்டால் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழாயை வெறும் விரலால் தொடுவதும் கூடாது. தனியாக விற்கிற ஹெச்200ஆர் வட்டத் தலையையும் ஏகே-ஆர்1 கிட்டையும் வாங்கினால் ஜெல், தேன்கூடு கிரிட் (ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுப்பது), ஸ்னூட் (ஒளியைக் குறுக்கும் குழாய்), பார்ன்டோர் (ஒளியை மறைக்கும் மடிப்புத் தகடுகள்) எல்லாம் காந்தத்தில் டக்கென்று ஒட்டும். அடிக்கடி அறை ஷூட் எடுப்பவர்கள் இரண்டாவது ஃபிளாஷுக்கு முன்பே இதை வாங்க வேண்டும்.

இன்னொரு குறை மாடலிங் லைட் (நிழல் எங்கே விழும் என்று முன்பே காட்ட எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு). சதுரத் தலையில் சின்ன எல்இடி இருக்கிறது, ஃபோகஸ் பிடிக்க உதவும், அவ்வளவுதான். வெறும் பல்பு தலையில் அதுவும் கிடையாது. ஆக, சாஃப்ட்பாக்ஸுக்குள் பல்பு இருக்கும்போது மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு டெஸ்ட் ஷாட் வேண்டும். திரை மூடிய அறையில் கேமராவின் ஃபோகஸும் தடுமாறும், எனவே வாசல் விளக்கை எரிய விடுங்கள்.

லைட்டை நிறுத்துகிற இடம்தான் இந்த வேலையின் உயிர். அறை சிறியதாக இருக்க இருக்க லைட்டை மாடலுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். முகத்துக்கு 1 மீட்டரில் லைட், பின்சுவருக்கு 3 மீட்டர் என்றால் சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு. லைட்டை இன்னும் ஒரு மீட்டர் பின்னால் இழுத்தால் அது நாலில் ஒரு பங்காக ஏறிவிடும். சுவர் வெளுத்துப்போகும், விளக்கின் மஞ்சள் ஒளி கரைந்துபோகும். 80 செ.மீ. குடை வகை ஆக்டாவுக்கு (எண்கோண சாஃப்ட்பாக்ஸ்) மேல் பெரியது இந்த உயரத்துக்குப் பொருந்தாது. மேல் விளிம்பு சீலிங்கை முட்டும், அல்லது சீலிங்கில் ஒளி தெறித்து தலைமுடி உச்சி வெளுக்கும். கிரிட் துணி இல்லாமல் ஓட்டல் அறைக்குள் சாஃப்ட்பாக்ஸைத் திறக்கவே வேண்டாம்.

சீலிங்கில் பவுன்ஸ் அடிப்பதை (ஒளியை மோதித் தெறிக்க விடுவதை) சுலபம் என்று நினைப்பவர்கள், சீலிங்கின் நிறத்தை முதலில் பாருங்கள். சுத்த வெள்ளையாக இருந்தால் சரி. கிரீம் என்றால் தோல் மஞ்சளாகும். மரப் பேனல் பக்கம் பவுன்ஸ் அடித்தால் காவி ஏறும். சுவரை நம்பாமல் ஒரு தெர்மாகோல் ஷீட்டைக் கொண்டுபோனால் காசும் குறைவு, நிறமும் நம்பகம். கட்டிலில் உட்கார்ந்த மாடலுக்கு நேர்மாறான தொல்லை: வெள்ளைப் படுக்கை விரிப்பே கீழிருந்து ரிஃப்ளெக்டராகி தாடைக்கு அடியில் ஒளியை ஏற்றும், கழுத்து தடித்துத் தெரியும். ஃபிரேமுக்கு வெளியே இருக்கிற விரிப்பின் மேல் கறுப்புத் துணி போட்டால் தாடைக் கோடு திரும்பி வரும்.

பட்டுச்சேலை ஜரிகைக்கு நேர் எதிரே லைட் வைத்தால் ஜரிகை வெள்ளைத் தகடாகிவிடும். பக்கத்திலிருந்து 60, 70 டிகிரியில் வைத்தால் இழை தெரியும். கருத்த மேனிக்கு எக்ஸ்போஷரை ஏற்றித் "தெளிவாக்க" முயல்வது பெரிய தவறு. நிறம் சாம்பலாகி, உள்ள அழகும் போய்விடும். எக்ஸ்போஷரை உள்ளபடி வைத்து, பெரிய லைட்டைப் பக்கவாட்டில் நெருக்கமாகக் கொண்டுவந்தால் கன்னத்திலும் தோளிலும் மினுமினுப்பு தானாக வரும். டிடிஎல்லை (ஃபிளாஷ் பவரைத் தானாக முடிவுசெய்யும் முறை) அணைத்து மேனுவலில் வேலை செய்யுங்கள். வெள்ளைச் சுவரோ கண்ணாடியோ பின்னால் வந்தால் டிடிஎல் ஏமாந்து முகத்தை இருட்டாக்கும்.

கேமராவிலிருந்து வயர் இல்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் டிரிக்கராக கோடாக்ஸின் எக்ஸ்புரோ எடுத்துக்கொள்ளலாம். அறைக்குள் அது ஃபிளாஷை அடிக்காமல் போனால் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். கேமராவும் ஃபிளாஷும் மிக அருகில் இருந்தால் சிக்னல் தடுமாறும். மெனுவில் தூரத்தை 0–30 மீட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது சந்தேகம் வைஃபை. டிரிக்கர் 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபையும் பல இடங்களில் அதே. ஸ்கேன் வசதியால் காலியான சானலைத் தேடி மாற்றுங்கள். அதே ஓட்டலில் கீழே கல்யாணம் நடந்து, அங்கேயும் இதே டிரிக்கர் இருந்தால் உங்கள் ஃபிளாஷ் தானாக அடிக்கும். ஐடி எண் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த ஃபிளாஷை வைத்து எடுக்கக்கூடிய மிக அழகான படம் ஜன்னல் திரை வழியாக வருவது. பால்கனி இருக்கிற அறை என்றால், ஃப்ரெனெல் தலையோடு ஃபிளாஷை வெளியே ஸ்டாண்டில் நிறுத்தி, மெல்லிய வெள்ளைத் திரையை மூடி, திரையிலிருந்து ஆறு அடி தள்ளி உள்ளே அடியுங்கள். திரை முழுவதும் சாஃப்ட்பாக்ஸாகிவிடும், இரவு எட்டு மணிக்கும் காலை வெயில் கிடைக்கும். இங்கேதான் 200 வாட்-செகண்ட் நிஜமாகவே உதவுகிறது. பவரை 1/4, 1/2 வரை ஏற்ற வேண்டி வரலாம். திரைக்கு ஒட்டி வைத்தால் நடுவில் வெள்ளை வட்டம் மட்டும் விழும். ஸ்டாண்டின் காலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டுத் தொங்கவிடாமல் பால்கனியில் ஃபிளாஷ் வைக்கவே கூடாது. கீழே ஆள் நடக்கிற இடம் அது.

இசி200 என்ற 2 மீட்டர் நீட்டிப்பு வயர் தனியாகக் கிடைக்கிறது. தலை மட்டும் மேலே போகும், கனமான பாடி கீழேயே இருக்கும். அறையில் நிற்கிற துணிக்கூடு போட்ட விளக்குக்குள் வெறும் பல்பு தலையை விட்டு, முழு சிடிஓவோடு 1/128-இல் அடித்தால், விளக்கே மாடலுக்கு ஒளி கொடுப்பது போல இருக்கும். விளக்கின் சொந்த பல்பைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கண்ணாடி விஷயம் சுருக்கமாக. டிவி, படச் சட்டம், குளியலறைக் கண்ணாடித் தடுப்பு, அலமாரிக் கண்ணாடி நான்கிலும் சாஃப்ட்பாக்ஸ் தெரியும். கேமரா நிற்கும் இடத்திலிருந்து கண்ணாடியில் லைட் தெரிந்தால் படத்திலும் தெரியும். லைட்டை நகர்த்துங்கள், அல்லது டிவியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

லென்ஸ்: ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை வைத்து முழு உருவம் எடுக்க 17 அடி பின்னால் போக வேண்டும். இந்த அறையில் அது நடக்காது. 50-க்கு 10 அடி, 35-க்கு 7 அடி போதும். 24-க்குப் போனால் ஓரத்தில் நிற்கிற கை கால் நீளும்.

எல்இடி அறை விளக்குகள், முக்கியமாக டிம்மர் போட்டவை, வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே 1/50 அல்லது 1/100-இல் நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அதோடு ஃபிளாஷ் அடிக்காது. ஏசி அறையிலிருந்து பால்கனிக்குப் போனதும் சென்னைப் புழுக்கத்தில் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடி கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் இந்தப் பாடு இல்லை. சுவரில் கேஃபர் டேப் (கனத்த துணி டேப்) ஒட்டினால் பெயின்ட் உரியும், அபராதம் உங்களுக்கு. பேப்பர் டேப் போதும். புகை மெஷின் வேண்டவே வேண்டாம், சீலிங்கில் ஸ்மோக் டிடெக்டர் இருக்கிறது.

அறை புக் செய்துவிட்டால் கமர்ஷியல் ஷூட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. முன்கூட்டியே மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். மாடலுக்குத் துணையாக அவர் விரும்பும் ஒருவர் கட்டாயம் அறையில் இருக்கட்டும், உடை மாற்றக் குளியலறை முழுக்க அவருக்கே விடப்படட்டும், எந்தெந்தப் படம் எங்கே போகும் என்பது ஷூட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகட்டும். லைட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயந்த முகத்தை அது மறைக்காது.

வாங்கும் வரிசை: ஏடி200 புரோ ஒன்று, எஸ்2 பிராக்கெட், கிரிட்டோடு 80 செ.மீ. ஆக்டா, வட்டத் தலையும் ஏகே-ஆர்1 கிட்டும், பிறகு இசி200. இரண்டாவது ஏடி200 புரோவைத் திரை வழியாக அடிக்கிற நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.