பல் இருக்கிறது, சீட்டு எங்கே?

பாரிஸ் புறநகரில் இருக்கும் தோழி ஒருத்தி இந்த வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, ஆகஸ்டில் மூன்று வாரம் பாண்டிக்கு வருகிறேன். மேல்வரிசையில் கடைவாய்ப்பல் இரண்டு இல்லை. உங்களைப் போல நானும் இம்பிளான்ட் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாமா?" நான் சொன்ன பதில் சுருக்கமாகவும் கடுமையாகவும் இருந்தது. பல்லைப் பழுது பார்த்துவிட்டு வந்த மறுநாள் கேட்டால் அப்படித்தான் வரும். ஆனால் அவள் கேட்டதில் தவறில்லை. இன்னும் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பணம், ஏனென்றால் எல்லோரும் அதற்காகத்தான் வருகிறோம். நானும் பிரான்சில்தான் வாழ்கிறேன். எனக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் இரண்டு பற்கள் போயிருந்தன. அங்கே பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த தெவி, அதாவது செலவு மதிப்பீடு, 4,000 யூரோவைத் தாண்டியது. தாடை எலும்பில் செயற்கை வேராக வைக்கும் இம்பிளான்டுக்கு அங்கே அரசுக் காப்பீடு பணம் தருவதில்லை. மேலே பொருத்தும் கேப்புக்கு மட்டும் சிறு பங்கு தரும். 2020 முதல் சில வகைக் கேப்புகளையும் பாலங்களையும் கைக்காசு இல்லாமல் கட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அந்தத் திட்டத்திலும் இம்பிளான்ட் கிடையாது. மூத்துவெல் என்ற துணைக் காப்பீடு சில நூறு யூரோவோடு நின்றுகொண்டது. பாலம் கட்ட வேண்டுமென்றால் இருபுறமும் இருக்கும் நல்ல பற்களை அராவ வேண்டும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

புதுச்சேரியில் ஸ்கேன், அறுவை, கேப் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். அன்றைய மதிப்பில் ஆயிரம் யூரோவுக்குள் முடிந்தது. விமான டிக்கெட்டை நான் இதில் சேர்க்கவில்லை. அம்மா முத்தியால்பேட்டையில் இருக்கிறார், நான் எப்படியும் வருகிறவள். பல்லுக்காகவே வருகிறவர்கள் டிக்கெட்டைச் சேர்த்தாக வேண்டும், அதுவும் இரண்டு முறைக்கு. எலும்பும் டைட்டானியமும் ஒன்றோடொன்று பிணைவதற்குக் கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதம் விடுகிறார்கள். மேல்தாடையில் எலும்பு மென்மையானது, ஆறு மாதம்கூட ஆகலாம். நான் கோடை விடுமுறையில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டேன், பொங்கலுக்கு வந்தபோது கேப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் இது புதிய வழக்கம் அல்ல. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா பென்ஷன்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வந்தால் மூக்குக்கண்ணாடி, பல், தையல்காரர் என்று வரிசையாக முடித்துக்கொண்டு போவார்கள். பல் மருத்துவர்களுக்கும் அந்தப் பருவம் நன்றாகத் தெரியும்.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் திட்டப்போகிறேன். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, கீழ்த்தாடை நரம்பு எங்கே ஓடுகிறது, அதற்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்று திரையில் காட்டினார்கள். மருத்துவர் அவசரப்படவில்லை. வேர் சிகிச்சையின்போது பட்ட வலியில் பாதிகூட இல்லை. மறுநாள் கன்னம் சற்று வீங்கியது, பிறகு வடிந்துவிட்டது. அந்தக் கை நல்ல கை என்று இன்றும் சொல்வேன்.

அந்தப் பல்லால் எனக்குக் கிடைத்த இன்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களாக இடப்பக்கத்தால் மட்டும் மென்றவள் நான். கேப் போட்ட பிறகு வறுத்த வேர்க்கடலை, சீடை, நண்டுக் கால், எதையும் வலப்பக்கம் தள்ளிக் கடிக்க முடிந்தது. இயற்கைப் பல்லைச் சுற்றி எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்த்திசு இருக்கிறது; அழுத்தத்தை உணர்வது அதனால்தான். இம்பிளான்டுக்கு அது இல்லை. எனவே சோற்றில் ஒரு கல் சிக்கினாலும் வலப்பக்கம் மெல்லும்போது சட்டென்று தெரிவதில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் பழகிவிடும். கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில் கீரையும் மாம்பழ நாரும் மாட்டும். இடுக்குக்கென்று விற்கும் சிறிய பிரஷ் ஒன்றை எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறேன். இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை.

பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. அது ஒரு துண்டுச் சீட்டு.

சில ஆண்டுகள் கழித்து, பிரான்சில் இருக்கும்போது, கேப்புகளில் ஒன்று ஆடத் தொடங்கியது. வலி இல்லை, ரத்தம் இல்லை. நாக்கால் தள்ளினால் லேசாகத் திரும்பியது. இம்பிளான்டே பெயர்ந்துவிட்டது என்று பயந்து ஓடினேன். அங்குள்ள பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு அருமையாக இருக்கிறது, இம்பிளான்ட் அசையவில்லை, உள்ளே இருக்கும் சிறிய திருகுதான் தளர்ந்திருக்கிறது என்றார். எலும்பில் இருக்கும் இம்பிளான்ட், அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதன்மேல் கேப் என்று மூன்று அடுக்கு. முதல் இரண்டையும் இணைப்பது ஒரு சின்னத் திருகு. அது தளர்வது உலகம் முழுவதும் சாதாரணமாக நடப்பது. யாருடைய குற்றமும் அல்ல. திருப்புளியை வைத்து முறுக்கினால் முடிந்தது.

"எந்த நிறுவனத்தின் இம்பிளான்ட்?" என்று கேட்டார்.

என்னிடம் இருந்தது ஒரு ரசீது. அதில் "இம்பிளான்ட் 2, கேப் 2" என்று எழுதி, கீழே தொகை போட்டுக் கையெழுத்திட்டிருந்தது. அவ்வளவுதான். பல் வைத்த நாளிலேயே நான் விவரம் கேட்டிருந்தேன். "எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது அம்மா, எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். 

உலகில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இம்பிளான்ட் செய்கின்றன. ஒவ்வொன்றின் உள்வாயும் ஒரு வடிவம், திருகின் தலை ஒரு வடிவம், அதற்குரிய திருப்புளி வேறு, எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்ற கணக்கும் வேறு. தவறான திருப்புளியை வைத்தால் திருகின் தலை தேய்ந்துவிடும். பிறகு அதை வெளியே எடுப்பதே பெரும் பாடு. அதோடு என் கேப் சிமென்ட் வைத்து ஒட்டியது. திருகைத் தொட வேண்டுமானால் பீங்கானைத் துளைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைத் துளைக்க அந்த மருத்துவர் முன்வரவில்லை. வேறொருவரிடம் போனேன். அவரும் கை வைக்கவில்லை. யார் கடைசியாகத் தொட்டாரோ அவர்தான் அந்தப் பல்லுக்குப் பொறுப்பு என்பது அவர்கள் பயம். அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் அது எனக்குப் புரிகிறது.

புதுச்சேரிக்கு போன் செய்தேன். எனக்கு இம்பிளான்ட் வைத்தவர் அந்த மருத்துவமனையின் நிரந்தர மருத்துவர் அல்ல. சொன்ன நாளில் தன் கருவிப் பெட்டியோடு வந்து அறுவை செய்துவிட்டுப் போகிறவர். நம் ஊர்களில் இது பரவலான ஏற்பாடு. அனுபவமுள்ள ஒரு கை பல சிறிய மருத்துவமனைகளுக்குக் கிடைக்கிறது, கட்டணம் குறைவாக இருப்பதற்கும் அது ஒரு காரணம். ஆனால் இம்பிளான்டை அவரே கொண்டுவருகிறார், வைக்கிறார், வெற்றுப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் என் பெயரும் தொகையும்தான் இருந்தன. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு பெட்டியின் படத்தை அனுப்பினார்கள். எக்ஸ்ரேவில் தெரியும் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிரெஞ்சு மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். மறுபடி கேட்டேன். "அந்த டாக்டர் இப்போது இங்கே வருவதில்லை" என்று பதில் வந்தது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இம்பிளான்ட் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் உரித்து ஒட்டுவதற்கென்றே ஒரு சிறு ஒட்டுச்சீட்டு இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், மாடல், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். உரிக்க வேண்டும், நோயாளியின் கோப்பில் ஒன்று, நோயாளியின் கையில் ஒன்று என்று ஒட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை. பத்தாயிரக்கணக்கில் பணம் வாங்கி, ஒரு மனிதரின் தாடை எலும்புக்குள் ஆயுள் முழுவதும் இருக்கப்போகும் பொருளை வைத்துவிட்டு, அதன் பெயரைக் குப்பைக்கூடையில் போடுவது எப்படி நியாயமாகும்? ஒரு மிக்சி வாங்கினால்கூட உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தித் தருகிறார்கள்.

ஆயுள் முழுவதும் என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் டைட்டானிய இம்பிளான்டை முதன்முதலில் ஒரு மனிதருக்கு வைத்தது 1965-இல். யோஸ்டா லார்சன் என்ற அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை அவை அவர் வாயிலேயே இருந்தன. நாற்பது ஆண்டுகளில் மருத்துவர் ஓய்வு பெறுவார், மருத்துவமனை மூடப்படும், நிறுவனம் கைமாறும். நோயாளி ஊர் மாறுவார், நாடு மாறுவார். அப்போது அந்தப் பல்லுக்கு இருக்கும் ஒரே ஜாதகம் அந்தச் சீட்டுதான். ஐரோப்பாவில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவி விதிகள், உடலில் வைக்கும் இம்பிளான்டுக்கு நோயாளி கையில் அட்டை தர வேண்டும் என்று சொல்கின்றன. புதுச்சேரியிலும் அப்படித் தரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். என் அண்ணிக்கு அட்டையில் ஒட்டி, தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, இங்கே முடியாத காரியம் அல்ல.

பழுது தீர்ந்த கதையைச் சொல்லி விடுகிறேன். மாதக்கணக்கில் மறுபடி இடப்பக்கத்தாலேயே மென்றுகொண்டிருந்துவிட்டு இந்த முறை ஊருக்கு வந்தேன். லாஸ்பேட்டையில் வேறொரு பல் மருத்துவர் எக்ஸ்ரேவை நெடுநேரம் பார்த்தார். இம்பிளான்டின் கழுத்துப் பகுதியின் வடிவத்தையும் மரையின் அமைப்பையும் வைத்து இது தென்கொரியத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்றார். கேப்பின் மேற்புறத்தில் ஒரு சிறு துளை போட்டார். திருகின் தலை தெரிந்தது. அவரிடம் இருந்த திருப்புளி சரியாக உட்கார்ந்தது. விசையை அளக்கும் ராட்செட்டை மாட்டி 30 நியூட்டன் சென்டிமீட்டர் வரை முறுக்கி, துளையைப் பல் நிறத்துப் பசையால் அடைத்தார். 1,500 ரூபாய் வாங்கினார். நான் கேட்காமலே தன் சீட்டில் நிறுவனத்தின் பெயர், உத்தேச விட்டம், திருகின் வகை, எந்தத் திருப்புளி, எவ்வளவு விசை, துளை எங்கே என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, படமும் வரைந்து கொடுத்தார். பிரான்சில் என் பல் மருத்துவருக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். இனி இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றே பதில் எழுதிவிட்டார். இத்தனை மாதம் நான் பட்ட பாட்டுக்குத் தேவையாக இருந்தது அந்த ஏழெட்டு வரிகள்தான்.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன். அவள் நிலை என் நிலையைவிடச் சிக்கலானது. மேல்தாடைக் கடைவாய்; ஸ்கேனில் சைனஸ் என்ற காற்றறைக்குக் கீழே எலும்பு போதவில்லை என்று வந்தால், முதலில் சைனஸின் சவ்வைத் தூக்கி எலும்புத் தூள் வைக்க வேண்டியிருக்கும். அதைச் செய்துகொண்டு உடனே விமானம் ஏறக் கூடாது, காற்றழுத்தம் மாறும்போது தூக்கிய சவ்வுக்கும் வைத்த எலும்புத் தூளுக்கும் ஆபத்து. அவளுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு பிணைவதே தாமதமாகும், பிறகு ஈறில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். மூன்று வார விடுமுறையில் இதை எல்லாம் அடக்க முடியாது. ஒரே வாரத்தில் நிரந்தரப் பல் என்று யாராவது சொன்னால், அது அவள் தாடைக்குப் பொருந்துமா என்று ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்ல வேண்டும்.

அதையும் மீறி வருவதாக இருந்தால், தோழி, முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசிக்கொள். எந்த நிறுவனத்தின் இம்பிளான்ட், அதற்கான உதிரிப் பாகங்கள் பிரான்சில் கிடைக்குமா என்று கேள். சிமென்ட் வைத்து ஒட்டாமல், திருகைத் திறந்து மூடக்கூடிய கேப்பாகப் போடச் சொல். ஒட்டுச்சீட்டு கைக்கு வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. வெளிமருத்துவர் வந்து செய்வதாக இருந்தால் அவருடைய பெயரும் எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், போகலாமா வேண்டாமா என்று ஒரே சொல்லில் கேட்டால், வேண்டாம் என்றுதான் இன்று சொல்வேன். பல் நன்றாக இருக்கிறது, நேற்று இரவுகூட அந்தப் பக்கத்தால்தான் மென்றேன், 3,000 யூரோ மிச்சமானது உண்மை. எல்லாம் சரி. ஆனால் எனக்கு மேல்வரிசையில் இன்னொரு பல் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கான தெவி பிரான்சிலிருந்து வந்துவிட்டது, 2,000 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. அம்மாவும் அண்ணனும் இங்கேயே கட்டிக்கொள் என்கிறார்கள். நான் அங்கேதான் கட்டிக்கொள்ளப் போகிறேன்.