சிவப்பு மோலே: புட்டியா, வாளிப் பேஸ்டா, வீட்டில் அரைப்பதா?

போன மாதம் ஒரு முழுக் கோழியை வெங்காயம், பூண்டு போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை மூன்று பங்காகப் பிரித்து, ஒரே சாயங்காலத்தில் மூன்று சிவப்பு மோலே செய்தேன். மோலே என்பது மிளகாய் வற்றலை அரைத்துச் செய்யும் மெக்சிகோவின் கெட்டிக் குழம்பு. ஒன்று, கண்ணாடிப் புட்டியில் வரும் பேஸ்டைக் கரைத்தது. இரண்டாவது, மெக்சிகன் கடையில் வாளியிலிருந்து அள்ளி எடைபோட்டுக் கொடுத்த பேஸ்ட். மூன்றாவது, மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளுவதில் தொடங்கி நானே வறுத்து அரைத்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோர்த்தியா என்கிற மெக்சிகன் சோள ரொட்டியால் தொட்டுச் சாப்பிட்டதும் ஒன்று தெளிவாகப் புரிந்தது. மிளகாயைக் கொழுப்பில் வறுக்கும் சில நொடிகளிலும், அரைத்த விழுதை வதக்கும் அரை மணி நேரத்திலும்தான் மோலேயின் தலையெழுத்து முடிவாகிறது. எல்லாரும் முதலில் விசாரிக்கும் சாக்லேட்டுக்கு அதில் பங்கு குறைவுதான்.

புட்டியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இருபது நிமிட வேலை. மெக்சிகோவிலேயே வார நாட்களில் இதைக் கரைத்துச் சமைக்கும் வீடுகள் ஏராளம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் வாங்கிய புட்டியில் இனிப்பும் உப்பும் முன்னால் வந்து நின்றன, மிளகாயின் மணம் எங்கோ பின்னால்தான் இருந்தது. லேபிளைப் படித்தால் காரணம் தெரியும்: எண்ணெய், சர்க்கரை, கெட்டியாக்க பிஸ்கட் தூள். புட்டிதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு யோசனை சொல்கிறேன். பேஸ்டை நேராகக் கோழித் தண்ணீரில் கரைக்காதீர்கள். ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ ஐந்து நிமிடம் வதக்குங்கள், அப்புறம் குவாஹீயோ என்கிற மெக்சிகன் மிளகாய் வற்றல் இரண்டை வறுத்து ஊறவைத்து, சுட்ட தக்காளி ஒன்று, சுட்ட பூண்டு இரண்டு பல்லோடு அரைத்து அதில் சேருங்கள். சாக்லேட்டோ சர்க்கரையோ மேற்கொண்டு போடவே வேண்டாம், ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

வாளிப் பேஸ்ட் வேறு ரகம். மெக்சிகோவின் புவேப்லாவிலும் வஹாகாவிலும் சந்தைக்குப் போனால் கறுப்பு, சிவப்பு, காவி நிறத்தில் மோலேயைக் குன்று குன்றாகக் குவித்து வைத்துக் கிலோ கணக்கில் விற்பார்கள். மெக்சிகோ நகரத்தின் தெற்கே மில்பா ஆல்தா பகுதியில் சான் பெத்ரோ அதோக்பான் என்று ஒரு ஊர் இருக்கிறது, ஊரின் பிழைப்பே மோலேதான், வருஷா வருஷம் அக்டோபரில் அங்கே மோலே திருவிழாவும் உண்டு. இந்தப் பேஸ்டில் மிளகாயை ஏற்கெனவே வறுத்து, ஆலையில் மைய அரைத்திருப்பார்கள். வீட்டு மிக்ஸியால் அந்த மழமழப்புக்கு வரவே முடியாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அரை மணி நேரத்தில் உண்மையான மோலே சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். ஆனால் வாங்குமுன் கட்டாயம் மோந்து பாருங்கள், முடிந்தால் துளி நக்கியும் பாருங்கள். எள்ளும் கடலையும் கொழுப்பும் நிறைந்த பண்டம், பழசானால் சிக்கு வாடை வந்துவிடும், அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. ஒருமுறை அப்படி வாங்கி வந்து ஒரு குடம் கோழித் தண்ணீரையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதாகிவிட்டது. இன்னொன்று, இனிப்பு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள், கடைக்குக் கடை அது மாறும்.

சரி, இப்போது அரைக்கிற கதை. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எந்தச் சிவப்பு? புவேப்லாவின் புகழ்பெற்ற மோலே போப்லானோ, ஆன்ச்சோ, முலாத்தோ, பஸீயா என்ற மூன்று மிளகாயை வைத்து எழுவது. நிறம் கருஞ்சிவப்பைத் தாண்டிக் கறுப்புக்கே நெருங்கும், சாக்லேட், உலர் திராட்சை, பாதாம், எள், சோம்பு என்று பட்டியல் நீளும். சாந்தா ரோசா மடத்தில் ஒரு கன்னியாஸ்திரீ இதை முதன்முதலில் செய்தார் என்ற கதை ஊரெங்கும் சொல்லப்படுகிறது, அந்த மடத்தின் ஓடு பதித்த சமையலறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆனால் மோலே என்ற சொல்லே மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாஹுவாத்லின் ‘மோல்லி’யிலிருந்து வந்தது, மிளகாய் அரைத்த குழம்பு அந்த மடத்தைவிட ரொம்பப் பழசு. வஹாகாவின் சிவப்பு வகைகளோ, குறிப்பாகக் கொலொராதீத்தோ, ஆன்ச்சோவும் குவாஹீயோவும் தூக்கி நிறுத்துபவை, செங்கல் நிறம், தக்காளியின் புளிப்பு தெரியும், சாக்லேட் பேருக்குத்தான். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் கொலொராதீத்தோ பக்கம்தான் கை காட்டுவேன். பொருள் குறைவு, தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும். போப்லானோவில் கசந்துபோனால் மிளகாயா, எள்ளா, கிராம்பா என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

மிளகாய் வாங்கும்போது கவனம். ஆன்ச்சோவும் முலாத்தோவும் போப்லானோ மிளகாயின் வற்றல்கள்தான், பார்க்க ஒரே மாதிரி சுருங்கிக் கிடக்கும். காம்பைக் கிள்ளி, பிளந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்: ஆன்ச்சோ திராட்சை ரசம் மாதிரி சிவந்து தெரியும், முலாத்தோ பழுப்பாகவே இருக்கும். அமெரிக்கக் கடைகளில் ஆன்ச்சோவைப் பஸீயா என்று எழுதி விற்பதும் உண்டு, எனவே பையில் உள்ள பெயரைவிட உருவத்தை நம்புங்கள். பஸீயா நீளமாக, ஒல்லியாக, கறுத்து இருக்கும். வற்றல் வளைய வேண்டும், பொடிப்பொடியாக உடைந்தால் பழசு. நம் ஊர் நீட்டு வற்றலைப் போட்டால் காரம்தான் வரும், இந்த மிளகாய்களின் உலர்பழ வாசனையும் சதைப்பற்றும் வராது.

ஆறு பேருக்குக் கொலொராதீத்தோ செய்ய நான் எடுப்பது: ஆன்ச்சோ ஆறு, குவாஹீயோ எட்டு, தக்காளி மூன்று, சின்ன வெங்காயம் இல்லை, பெரிய வெங்காயம் பாதி, பூண்டு ஐந்து பல், எள் மூன்று மேசைக்கரண்டி, பாதாம் ஒரு கைப்பிடி, உலர் திராட்சை இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று, இரண்டு அங்குலப் பட்டை, கிராம்பு மூன்று, மிளகு ஆறு, ஒரேகானோ ஒரு சிட்டிகை, மெக்சிகன் சாக்லேட் 30 கிராம். பட்டை நல்ல இலங்கைப் பட்டையாக இருக்கட்டும், மெக்சிகோக்காரர்கள் கனேலா என்று சொல்வது அந்த மெல்லிய, நொறுங்கும் பட்டையைத்தான். தடித்த காசியா போட்டால் அதன் உறைப்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

வறுப்பதா, வாட்டுவதா என்பதில் இரண்டு கட்சி. கொமால் என்கிற தோசைக்கல் போன்ற தட்டில் வெறுமனே வாட்டினால் மணம் கூர்மையாக, லேசாகப் புகை வாசனையோடு வரும். கொழுப்பில் பொரித்தால் வட்டமாக, ஆழமாக வரும். நான் பொரிக்கும் கட்சி. விதையும் நரம்பும் நீக்கிய ஆன்ச்சோவை மிதமான சூட்டில் போட்டதும் அது காற்றடைத்த மாதிரி உப்பும், உள்பக்கம் கருஞ்சிவப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும், பதினைந்து நொடிக்கு மேல் போகாது. மூக்கில் காரநெடி ஏறினால் கருகிவிட்டது என்று அர்த்தம், அந்த மிளகாயைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். ஒன்றே ஒன்று கருகினாலும் பானை முழுக்கக் கசக்கும்.

அப்புறம் அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைத் துளி ருசி பார்த்து, கசந்தால் கொட்டிவிட்டு, கோழித் தண்ணீர் விட்டு அரையுங்கள். குவாஹீயோவின் தோல் தடிமன், சல்லடையில் வடிகட்டாமல் விட்டால் பல்லில் மாட்டும். மற்ற சாமான்களைத் தனியாக வறுத்துத் தனியாக அரைப்பேன்.

அடி கனமான பாத்திரத்தில் கொழுப்பைக் காயவைத்து மிளகாய் விழுதை முதலில் ஊற்றுங்கள், தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். கிளறிக்கொண்டே இருக்க, கரண்டியை இழுத்தால் அடித்தளம் கோடாகத் தெரிந்து மெதுவாக மூடும், ஓரத்தில் சிவப்பு எண்ணெய் முத்து முத்தாகப் பிரியும். அதுவரை மற்ற விழுதைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தபின் கோழித் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்கட்டும், சாக்லேட், உப்பு கடைசியில்.

மொத்தம் மூன்று மணி நேரம் பிடித்தது. அன்று மேசையில் முதலில் காலியானது இந்தப் பாத்திரம்தான், வாளிப் பேஸ்ட் அதற்கு அடுத்து, புட்டி மோலே பாதி மிஞ்சியது. விருந்து, பிறந்தநாள் என்றால் அரையுங்கள், வார நாள் என்றால் நல்ல வாளிப் பேஸ்ட் வாங்குங்கள். அரைக்கிற நாளில் இரண்டு மடங்கு அரைத்து, வதக்கி முடித்ததும் கோழித் தண்ணீர் விடுவதற்கு முன்பே பாதியை எடுத்து ஆறவைத்து ஃப்ரீசரில் போடுங்கள். என் ஃப்ரீசரில் இப்போது இரண்டு டப்பா இருக்கிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை இரவுக்கு அதில் ஒன்று.