8 பவுண்டு நரம்பில் பெரிய மீன்: பூலாம்பட்டியில் மூன்று வருடம்

ஆறரை அடி லைட் ராடு, 2000 சைஸ் ரீல், 8 பவுண்டு மோனோ நரம்பு (ஒற்றை இழைத் தூண்டில் நூல்). மூன்று வருடமாக இதுதான் என் தூண்டில் செட். பூலாம்பட்டிக் காவிரிக் கரையில் மூங்கில் கழியோடு உட்காரும் பெரியவர் ஒருவர் முதல் நாளே நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, பூக்கட்டற நூலாட்டம் இருக்குது" என்றார்.

முதல் வருடம் அவர் பேச்சுதான் பலித்தது. மூன்று கட்லா போச்சு. தப்பு நரம்பில் இல்லை, டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, இறுக்கி வைத்த என்னிடம். தண்ணீருக்குள் மீனின் எடை நரம்புக்குத் தெரியாது. அறுப்பது அது திடீரென்று வெட்டி இழுக்கும் இழுப்புதான். 8 பவுண்டு என்றால் சுமார் 3.6 கிலோ தாங்கும். டிராக் அதில் கால்வாசி இருந்தால் போதும். இப்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நரம்பில் கட்டித் தூக்கிப் பார்க்கிறேன். பாட்டில் எழும்பும்போதே ரீல் கிர்ரென்று நரம்பை விட்டால் சரி. அப்புறம், டிராக் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நரம்பு முறுக்கேறி அடுத்த வீச்சில் சிக்கு விழும். அதைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

போன தை மாதம் கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்த உருண்டைக்கு ஒரு ரோகு மாட்டியது. நடு ஆற்றுக்கு ஓடிய ஓட்டத்தில் நரம்பு சுற்றிய ஸ்பூலின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. கை தானாக டிராக்குக்குப் போனது. "வுடு கண்ணு, ஓடட்டும்" என்றார் பெரியவர். விட்டேன். நின்றதும் ராடை மெல்லத் தூக்கி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றினேன். கரைக்கு வந்து கைவலையைப் பார்த்ததும் இன்னும் இரண்டு ஓட்டம். இருபத்தைந்து நிமிடம், ஆறு கிலோ சொச்சம்.

குறையும் உண்டு. இரண்டாம் வருடம் டிராக் வாஷர் காய்ந்து, நழுவாமல் திக்கித் திக்கி விட்டது. விற்ற கடைக்காரர் சர்வீஸே தேவைப்படாது என்றிருந்தார்! நானே கழற்றி கிரீஸ் வைத்தேன். ராடின் நுனி வளையத்தில் மயிரிழை விரிசல் விழுந்து நரம்பைச் சுரண்டியது தெரியாமல் ஒரு நாள் முழுக்க வீண். வளையத்துக்குள் பஞ்சை விட்டு இழுத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். நரம்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன், அது பெரிய செலவில்லை.

பாறைச் சந்தும் முள்ளும் உள்ள இடத்துக்கு இந்த செட் ஆகாது. வாளைக்குப் போவதென்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அதன் பல்லுக்கு இந்த நரம்பு ஒரு கடி.